பாவை யாரைக் கொன்றாள்?

32ஆவது கொண்டை ஊசி வளைவில் வண்டி திரும்பியபோது வழிகாட்டி மைக்கைக் கையில் எடுத்தார். வயது இருபத்தைந்துகூட இருக்காது. "இப்ப ஒரு கதை சொல்லப் போறேன். ஆம்பளைங்க எல்லாம் கவனமா கேட்டுக்கங்க. இந்த மலைக்குக் கொல்லிமலைன்னு ஏன் பேர் வந்துச்சு, தெரியுங்களா?"

பிறகு கதை சொன்னார். மலையில் முனிவர்கள் தவம் செய்தார்கள். அரக்கர்கள் வந்து தொல்லை கொடுத்தார்கள். காவலுக்கு ஒரு பெண் பாவை செய்து நிறுத்தப்பட்டது. ஆண்வாடை பட்டால் அது திரும்பும், கண்ணால் அழைக்கும், சிரிக்கும். மயங்கி அருகில் போனவன் திரும்பி வரமாட்டான். அந்தப் பாவை கொன்றதால்தான் இது கொல்லி. கதையை முடித்துவிட்டு ஒரு கண்ணைச் சிமிட்டினார். "அதனால மேல போனதும் எந்தப் பொண்ணாவது உங்களைப் பார்த்துச் சிரிச்சா, பதிலுக்குச் சிரிச்சிடாதீங்க."

வண்டி முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். 18 ஆண்டுகளாகக் கல்லூரியில் சங்க இலக்கியம் நடத்துகிறவள். அந்தச் சிரிப்பை அன்று மாலைவரை என்னால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்த மாதிரிச் சிறுகுழுச் சுற்றுலாக்களை நான் கேலி செய்ய வரவில்லை. விடியற்காலை ஐந்தரைக்குச் சேலத்தில் ஏறி, இரவு ஒன்பதுக்குள் அதே இடத்தில் இறங்கிவிடலாம். நாங்கள் 12 பேர்; அதில் 7 பேர் பெண்கள். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் முன்னிருக்கையில் இருந்தார். கணவர் இறந்து நான்கு வருடமாகிறதாம். கோயில், கல்யாணம், ஆஸ்பத்திரி என்ற மூன்று காரணமும் இல்லாமல் அவர் வீட்டைவிட்டு வெளியே வந்தது அன்றுதான் முதல்முறை. "கூட யாரு வர்றா, எங்க தங்கறே, எப்ப வருவே"ன்னு கேட்கிற மகனுக்கு இந்தக் கம்பெனியோட நோட்டீஸைக் காட்டினேன், வாயை மூடிக்கிட்டான் என்று சொல்லிச் சிரித்தார். நம் ஊரில் ஒரு பெண் மலை பார்க்கப் போவதற்கு ஒரு ஏற்பாடு தேவைப்படுகிறது. அந்த ஏற்பாட்டை யார் செய்து கொடுத்தாலும் நான் நன்றியோடு ஏறிக்கொள்வேன்.

ஆனால் ஏறிக்கொண்டபின், வழியெல்லாம் என் காதில் ஊற்றப்படுவது ஒரு பனுவல். வாசகி என்ற முறையில் அதை வாசிக்காமல் இருக்க முடியாது.

அந்தப் பனுவலில் யார் யார் இருந்தார்கள்? காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 வளைவுகள் ஏறும்வரை சித்தர்களும் மூலிகைகளும் இருந்தார்கள். செம்மேட்டில் சிலையாக நிற்கும் வல்வில் ஓரி இருந்தான். ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் துளைத்த கதை விரிவாக வந்தது. அது புறநானூற்றின் 152ஆம் பாட்டில் வன்பரணர் சொல்வது. ஆடிப்பெருக்கை ஒட்டி அரசு நடத்தும் ஓரி விழா பற்றியும் சொன்னார். அறப்பளீஸ்வரர் கோயில் இருந்தது, ஆகாய கங்கை இருந்தது. பெண் என்று வந்தவள் ஒருத்திதான்: கொல்லுகிற பாவை. மலையில் இன்று வாழும் மலையாளிப் பழங்குடிகளைப் பற்றி ஒரு வரி வந்தது. "இவங்க கேரளா மலையாளி இல்லீங்க" என்பதுதான் அந்த வரி.

நேரப் பங்கீட்டையும் பனுவலின் பகுதியாகவே வாசிக்கலாம். அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கி ஏற இரண்டரை மணி நேரம். கோயில்களுக்கு ஒன்றரை மணி. காட்சிமுனையில் படம் எடுக்க முக்கால் மணி. மலைப்பெண்கள் மிளகும் அன்னாசியும் பலாவும் விற்கும் சோளக்காடு சந்தைக்கு 20 நிமிடம். அதில் கழிப்பறைக்கு வரிசையில் நின்ற நேரமும் அடக்கம். எதை எவ்வளவு நேரம் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்பவர், எது பார்க்கத் தக்கது என்பதையும் முடிவு செய்துவிடுகிறார்.

மதியம் எட்டுக்கை அம்மன் கோயிலுக்குப் போனோம். இந்த அம்மனைத்தான் கொல்லிப்பாவை என்று இங்கே வணங்குகிறார்கள். காலையில் கண் சிமிட்டிய அதே தம்பி செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் அவரைக் குறை சொல்லவில்லை. வழியில் நின்றால் கொலைகாரி, கருவறைக்குள் நின்றால் தாய் என்று பெண்ணை இரண்டாகப் பிரித்து வைத்துக்கொள்ள அவருக்கு யாரும் தனியாகப் பாடம் எடுத்திருக்க மாட்டார்கள். அது நம் காற்றில் இருக்கிறது.

கொல்லிப்பாவை பற்றி அவர் சொன்ன கதை எங்கிருந்து வந்தது என்பதுதான் என் கேள்வி. சங்கப் பாடல்களில் அவள் பல இடங்களில் வருகிறாள். நற்றிணையில் 185, 192, 201. குறுந்தொகையில் 89, 100. அகநானூற்றில் 62, 209. இந்த ஏழு பாடல்களையும் வீட்டுக்குத் திரும்பியதும் ஒரே இருப்பில் மறுபடி படித்தேன். அவளைச் செய்தது தெய்வம் என்கிறது ஒரு பாட்டு, பூதம் என்கிறது இன்னொன்று. மலையின் மேற்குப் பக்கம் நிற்கிறாள். காற்று மோதினாலும் மழை அடித்தாலும் இடி விழுந்தாலும் நிலமே அதிர்ந்தாலும் அழகு குன்றாதவள் என்கிறார் பரணர். ஆனால் இந்த ஏழு பாடல்களில் ஒன்றில்கூட அவள் யாரையும் கொல்லவில்லை. அவள் சிரிக்கவும் இல்லை.

கொலை என்ற சொல் ஒரே ஓர் இடத்தில் அவள் பக்கத்தில் வருகிறது: நற்றிணை 185. பேசுகிறவன் தலைவன். காமம் கைமீறிப் போய், தோழியிடம் வந்து இரந்து நிற்கிறான். என் துன்பத்தைப் பார்த்தும் நீ உதவ மாட்டேன் என்கிறாய் என்று அவளிடம் குறைப்பட்டுவிட்டு, கொல்லிப்பாவை போன்ற அவள் என்னைக் கொல்லத் துணிந்துவிட்டாள் என்று புலம்புகிறான். அதாவது கொலை செய்தது பாவை இல்லை. கொலை செய்யப் பார்ப்பதாகச் சொல்லப்படுகிறவள் பாவையைப் போன்ற ஒரு பெண். அவள் செய்ததாகப் பாட்டில் தெரிவதும் ஒன்றே ஒன்றுதான்: அவள் அவனுக்குக் கிடைக்கவில்லை.

நற்றிணை 201 இதை இன்னும் தெளிவாக்குகிறது. அங்கே தலைவனின் நண்பன் அவனுக்குப் புத்தி சொல்லியிருக்கிறான். அவள் மலைக்குறவனின் அருமை மகள், கிடைப்பதற்கு அரியவள், கடுங்காவலில் இருக்கிறாள், நீ சொல்லும் சொல்லை ஏற்க மாட்டாள், மிகவும் இளையவள், அவளை நினைக்காதே என்கிறான். எவ்வளவு தெளிவான அறிவுரை! இன்றைக்கு எந்த நண்பனும் இப்படிச் சொல்லித் தந்தால் கையெடுத்துக் கும்பிடலாம். தலைவனோ, அவள் கொல்லிப்பாவையைப் போல, என் நெஞ்சைவிட்டு அகலமாட்டாள் என்று பதில் சொல்கிறான். ஒரு பெண்ணின் "வேண்டாம்" அவன் வாயில் அவளுடைய அழகாக மாறிவிடுகிறது. 185இல் அதே "வேண்டாம்" கொலையாக மாறுகிறது.

உவமை ஒன்று காலப்போக்கில் கதையாகிவிடும். பாவை போன்றவள் என்னைக் கொல்கிறாள் என்று ஒருவன் புலம்பினான். பின்னால் வந்த கதைகளில் பாவையே கொல்லத் தொடங்கிவிட்டாள். நடுவில் இருந்த "நான் விரும்பினேன், அவள் விரும்பவில்லை" என்ற எளிய செய்தி காணாமல் போய்விட்டது. நம் திரைப்பாட்டுகளில் பெண்ணின் பார்வை எத்தனை ஆண்களைக் கொன்றிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஆனால் காதலை மறுத்ததற்காக வெட்டுப்பட்டுச் செய்தித்தாளில் வருகிறவள் பெண். கொலைகாரி என்று பாட்டில் பெயர் வாங்குகிறவளும், வாழ்க்கையில் கொலையாகிறவளும் ஒரே ஆள்.

இது நம் மலைக்கு மட்டும் உரிய வழக்கமும் இல்லை. மெக்சிகோவின் பழைய நகரமான சோலூலாவில் 1519இல் ஸ்பானியப் படை பெரும் படுகொலை ஒன்றைச் செய்தது. அந்தக் கதையில் எப்போதும் ஒரு பெண் நடுவில் வந்து நிற்பாள்: மலிந்த்சின், பிற்காலப் பெயர் மலிஞ்சே. அதே ஆண்டு தபாஸ்கோ பகுதியில் ஸ்பானியர்களுக்குக் கொடுக்கப்பட்ட 20 அடிமைப் பெண்களில் ஒருத்தி. மொழி தெரிந்ததால் கோர்த்தேஸின் மொழிபெயர்ப்பாளர் ஆக்கப்பட்டவள். சோலூலாவில் சதி இருப்பதாக அவள் எச்சரித்ததாகப் படையில் இருந்த பெர்னால் தியாஸ் எழுதிவைத்தார். வாள் பிடித்தவர்கள் பலர். துரோகி என்ற பெயர் மட்டும் அவளுக்கு. அந்நியருக்கு அடிபணிகிறவரைத் திட்ட அவள் பெயரிலிருந்தே அங்கு ஒரு வசைச்சொல் உண்டு. அந்த நகரத்துக்குப் பக்கத்தில் நிற்கும் மலைக்கும் அவள் பெயர்தான். 1970களிலிருந்து அமெரிக்காவில் வாழும் மெக்சிகோ வம்சாவளிப் பெண் எழுத்தாளர்கள் அவளை மறுபடி வாசிக்கத் தொடங்கினார்கள். தன்னை விற்றவர்களுக்கு அவள் எப்படித் துரோகம் செய்ய முடியும் என்று கேட்டார்கள். கொல்லிமலையில் நாம் இன்னும் கேட்கத் தொடங்காத கேள்வி அது போன்ற ஒன்று.

கேட்காதவர்களில் முதல் ஆள் நான். அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிக்க எனக்கு உரிமை இல்லை.

ஏழு ஆண்டுகளுக்கு முன் என் இளங்கலை வகுப்பில் கொல்லிமலையிலிருந்து வந்த ஒரு மாணவி இருந்தாள். வீட்டில் முதல் பட்டதாரி ஆகவேண்டியவள். அதிகம் பேச மாட்டாள். கையெழுத்து அச்சுக் கோத்ததுபோல இருக்கும். ஒருநாள் மதியம் குறுந்தொகை நடத்திக்கொண்டிருந்தேன். சாப்பாட்டுக்குப் பிந்தைய வகுப்பு. பிள்ளைகள் தூங்கி வழிந்தார்கள். வகுப்பைக் கலகலப்பாக்கலாம் என்று அந்தச் சிரித்துக் கொல்லும் பாவையின் கதையைச் சொன்னேன். வழிகாட்டித் தம்பி சொன்னதற்கும் நான் சொன்னதற்கும் வித்தியாசம் அதிகம் இல்லை. கண்ணைச் சிமிட்டவில்லை, அவ்வளவுதான். "நம்ம கிளாஸ்லயே ஒரு கொல்லிமலைப் பொண்ணு இருக்கே" என்று பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது. வகுப்பு சிரித்தது. அவளும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்ததாகத்தான் எனக்கு ஞாபகம். தூக்கம் கலைந்ததே என்று நான் பாடத்தைத் தொடர்ந்தேன்.

நான்காம் பருவத்தில் அவள் வரவில்லை. வருகைப் பதிவேட்டில் வரிசையாக 'வரவில்லை' என்று குறித்துக்கொண்டே போனேன். கல்யாணம் ஆகியிருக்கும் என்று நினைத்தேன். மலைப்பிள்ளை என்றால் நாம் வேறு எதை நினைப்போம்? மூன்று ஆண்டுகள் கழித்து ஒரு திருமண வீட்டில் அவளுடைய வகுப்புத்தோழி ஒருத்தியைப் பார்த்தேன். அவள்தான் சொன்னாள். வேறு துறைப் பையன் ஒருவன் கடிதம் கொடுத்திருக்கிறான். இவள் வாங்கவில்லை. மறுநாள் இவள் உட்காரும் பெஞ்சில் 'கொல்லிப்பாவை, ஜாக்கிரதை' என்று எழுதியிருந்தது. பிறகு பேருந்தில், உணவகத்தில், கைப்பேசியில் எல்லாம் அதே பெயர். அவள் சிரித்தால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கீழே விழுவதுபோல் நடித்துக் காட்டுவார்களாம்.

"அந்தப் பேர் உங்க கிளாஸ்லதான் மேடம் ஆரம்பிச்சுது" என்றாள். குற்றம் சாட்டும் குரலில் இல்லை. எனக்குத் தெரியும் என்றே நினைத்திருக்கிறாள்.

அதனால்தான் அந்த 32ஆவது வளைவில் என் சிரிப்பு தொண்டையில் நின்றது. அந்தத் தம்பி சொன்ன கதை பள்ளியிலோ கல்லூரியிலோ என்னைப் போன்ற ஒரு தமிழாசிரியர் தூக்கம் கலைக்கச் சொன்னதாக இருக்கலாம். பாட்டில் இருந்ததை விட்டுவிட்டுப் பாட்டில் இல்லாததைச் சொல்லித்தருவதை நாங்கள்தான் தொடங்கிவைத்தோம்.

பாட்டில் இருந்தது என்ன? இதற்குத்தான் சோளக்காடு சந்தையின் 20 நிமிடங்களைச் சொல்ல வேண்டும்.

ஓய்வுபெற்ற ஆசிரியை மிளகு வாங்கிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் ஒரு சாக்கை விரித்துச் சாமையரிசி வைத்திருந்த அம்மாவின் எதிரில் உட்கார்ந்தேன். அறுபது வயது இருக்கும்.

"இப்பவும் சாமை போடுறீங்களாக்கா?"

"வூட்டுக்குக் கொஞ்சம் போடறதுதான் கண்ணு. முக்காவாசி காடு மரவள்ளிக்குப் போயிருச்சு. கெழங்குன்னா லாரி வந்து ஏத்திக்கும், கையில காசு. சாமைய யாரு குத்தறது?"

யார் குத்துவது? அந்தக் கேள்வியை நான் எந்தச் சிறுதானியக் கருத்தரங்கிலும் கேட்டதில்லை. கொல்லிமலையில் சாமையும் தினையும் கேழ்வரகும் குறைந்ததற்கு மரவள்ளிக் கிழங்கையும் சேலம், நாமக்கல் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளையும் காரணம் சொல்வார்கள். அது உண்மை. ஆனால் சாமையின் உமி லேசில் பிரியாது. உரலில் போட்டுக் குத்தி, புடைத்து, மறுபடி குத்த வேண்டும். அந்த வேலை முழுவதும் பெண்களுடையது. "எங்காத்தா காலத்துல கோழி கூவறதுக்கு முன்னாடி உரல்கிட்ட நிக்கணும். தோளு ரெண்டும் வுட்டுப் போயிரும்" என்றார் அந்த அம்மா. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இந்த மலையில் சிறுதானியங்களைக் காக்க வேலை செய்தபோது, உமி நீக்கும் சிறு இயந்திரங்களைக் கிராமங்களில் வைத்து அவற்றை நடத்தும் பொறுப்பைக் குழுக்களிடம் கொடுத்தது. பெண்களின் தோள்வலியைக் கணக்கில் எடுக்காமல் விதையைக் காப்பாற்ற முடியாது என்பதைப் புரிந்துகொண்ட வேலை அது. 2023ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. நகரத்துக் கடைகளில் சாமை பளபளப்பான பையில் வந்துவிட்டது. நாம் விலையைப் பார்க்கிறோம், நார்ச்சத்தைப் பார்க்கிறோம். குத்திய கையைப் பார்ப்பதில்லை.

வண்டியிலிருந்து ஹாரன் அடித்தார்கள். எழுந்திருக்கும்போது கேட்டுவிட்டேன். "கொல்லிப்பாவை சிரிச்சா ஆளு செத்துருவாங்கன்னு வண்டியில சொன்னாங்கக்கா. நெசமாவா?"

அந்த அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். "நாங்களுந்தான் தெனம் சிரிக்கிறோம். எவன் செத்தான் கண்ணு?"

பக்கத்தில் மிளகு விற்றவர் வாய்விட்டுச் சிரித்தார். ஆசிரியையும் சிரித்தார். அன்று நான் சிரித்த இரண்டாவது சிரிப்பு அது.

வீட்டுக்கு வந்து அந்த ஏழு பாடல்களைப் படித்தேன் என்று சொன்னேன் அல்லவா, அதில் குறுந்தொகை 89இல் வந்து நின்றுவிட்டேன். பரணர் பாட்டு. பலமுறை நடத்தியிருக்கிறேன். பேசுகிறவள் தோழி. பாட்டு தொடங்குவதே உரலில். அகன்ற அடியுடைய உரல், அதில் தானியம் குத்தும்போது பெண்கள் பாடும் வள்ளைப்பாட்டு. ஒரு பெண் பாட்டுப் பாடிக்கொண்டே குத்துகிறாள். அதை வைத்து ஊர் ஏதோ பேசுகிறது. பேசட்டும், இந்த அறிவில்லாத ஊருக்காக வருந்துவதால் என்ன பயன் என்கிறாள் தோழி. குத்திக்கொண்டிருக்கும் அந்தப் பெண் யாரைப் போன்றவள்? பொறையனின் கொல்லிமலையில் தெய்வம் எழுதிய பாவையைப் போன்றவள்.

நான் இத்தனை ஆண்டும் இந்தப் பாட்டில் 'பாவை: அழகுக்கு உவமை' என்று கரும்பலகையில் எழுதிப்போட்டுவிட்டு நகர்ந்திருக்கிறேன். உரல் என் கண்ணில் பட்டதே இல்லை. காதலன் வாயில் பாவை எட்டாதவளாகவும் கொல்லத் துணிந்தவளாகவும் இருக்கிறாள். தோழியின் வாயில் அதே பாவைக்கு ஒப்பானவள் கையில் உலக்கையோடு நிற்கிறாள், வியர்க்கிறாள், பாடுகிறாள், ஊர் வாயைப் பொருட்படுத்தாமல் தன் வேலையைப் பார்க்கிறாள். பாவையை அசையாத சிலையாக ஆக்கியது பாட்டு இல்லை, நம் வாசிப்பு.

குறுந்தொகை 100இலும் இதே கதைதான். கபிலர் பாடியது. வழிகாட்டி வாய்நிறையப் புகழ்ந்த அதே ஓரியின் கொல்லி. ஓரியின் கொடையைப் பற்றி எவ்வளவோ பேசுகிறோம். இந்தப் பாட்டில் அவன் மலையின் சிற்றூர் பசித்துக் கிடக்கிறது. அருவி பாயும் நிலத்தில் மலைநெல் விதைத்து, களை எடுத்து, விளைவதற்குள் பசி வந்துவிட, யானைத் தந்தத்தை விற்று உண்கிறார்கள். ஆகாய கங்கையின் படிகளில் மூச்சிரைக்க ஏறியபோது, அருவி என்றால் குளிக்கும் இடம் என்று மட்டுமே நினைத்துக்கொண்டு வந்தேன். கபிலருக்கு அருவி விதைக்கும் இடமாகத் தெரிந்திருக்கிறது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. கபிலர் பாட்டில் மலை ஓரியுடையது. பரணர் பாட்டில் அது பொறையனுடையது. நடுவில் நடந்ததை அகநானூறு 209 சொல்கிறது: முள்ளூர் மன்னன் காரி, ஓரியைக் கொன்று மலையைச் சேரருக்குக் கொடுத்தான். உண்மையில் இந்த மலையில் கொன்றவனும் கொல்லப்பட்டவனும் ஆண்கள்தான். பெயரும் ஊரும் பாட்டிலேயே இருக்கின்றன. கொன்ற காரிக்கு அங்கே புகழ், இறந்த ஓரிக்குச் செம்மேட்டில் சிலை. கொலைப்பழி மட்டும் பாவைக்கு.

மலையாளி மக்களின் தோற்றக்கதையாக எட்கர் தர்ஸ்டன் 1909இல் பதிவு செய்ததும் காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பி மூவரின் கதைதான். பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன். மூன்று பெயரும் நமக்குத் தெரியும். அவர்களோடு சேர்ந்து ஒரு மக்கள்கூட்டத்தையே பெற்று வளர்த்த பெண்களின் பெயர் யாருக்குத் தெரியும்? மன்னர்களின் கதையில்தான் பெண் காணாமல் போகிறாள் என்றில்லை.

ஆற்றுப்படை என்று நம்மிடம் ஓர் இலக்கிய வகை உண்டு. ஓரிடத்துக்குப் போய் வந்தவர், போகப் போகிறவருக்கு வழி சொல்வது. வழியில் என்ன கிடைக்கும், யார் சோறு போடுவார்கள், எங்கே இளைப்பாறலாம் என்பதெல்லாம் அதில் வரும். விறலியாற்றுப்படையும் உண்டு, ஆடிப்பாடிப் பிழைக்கும் பெண்ணுக்குச் சொல்லும் வழி. இந்த மலைக்கும் அப்படி ஆட்கள் ஏறியிருக்கிறார்கள். பரிசிலாகப் பெற்ற குதிரைகளின் குளம்பு பட்டுத் தேய்ந்த கல்வழியில் இரவலர்கள் சோர்வில்லாமல் ஏறினார்கள் என்கிறது அதே நற்றிணை 185. அந்த வகையில் நம் சுற்றுலா வழிகாட்டிகளும் அந்த மரபின் வாரிசுகள்தான். பரிசில் பெற்றவருக்குப் பதிலாகச் சம்பளம் பெறுகிறவர் வழி சொல்கிறார், அவ்வளவுதான் மாற்றம்.

அப்படியென்றால் வேறொரு ஆற்றுப்படையையும் நம்மால் சொல்ல முடியும். வளைவுகள் அதே 70தான் இருக்கும். ஓரியையும் சொல்லலாம், அவன் மலையின் பசியையும் சேர்த்துச் சொல்லலாம். சந்தைக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கலாம். சாமை அரைக்கும் இயந்திரத்தின் முன் நின்று, அதற்கு முன்பு இருந்த உரலைப் பற்றி அதை இடித்தவர்களிடமே கேட்கலாம். மைக்கை மலைப்பெண் ஒருத்தியின் கையில் கொடுத்து, அந்த வேலைக்கு உரிய சம்பளத்தையும் அவளுக்கே கொடுக்கலாம். எட்டுக்கை அம்மனைப் பற்றி அவள் என்ன சொல்கிறாள் என்று கேட்டுவிட்டு நாம் வாயை மூடிக்கொண்டு உட்காரலாம்.

இறங்கும்போது அந்தத் தம்பியிடம் பேசினேன். கோபித்துக்கொள்வாரோ என்று தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். பாட்டில் பாவை கொல்வதில்லை தம்பி, அவளைப் போன்றவள் தானியம் குத்துவதாக ஒரு பாட்டே இருக்கிறது என்றேன். அதுவரை எனக்கே அரைகுறையாகத்தான் ஞாபகம். "அப்படிங்களா மேடம்? அதைச் சொன்னா யாருங்க சிரிப்பாங்க?" என்றார். நேர்மையான கேள்வி. அதற்கு அன்று என்னிடம் பதில் இல்லை. சந்தையில் அந்த அம்மா சொன்னதைச் சொல்லுங்கள், எல்லோரும் சிரிப்பார்கள் என்று இப்போது தோன்றுகிறது.

இந்தப் பருவத்தில் குறுந்தொகை 89ஐ வேறு மாதிரி நடத்தினேன். கரும்பலகையில் முதலில் உரல் என்று எழுதினேன். வீட்டில் உரலில் குத்தியவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டேன். பாதி வகுப்பு பாட்டியைப் பற்றிப் பேசத் தொடங்கியது. ஒரு மாணவி தன் ஆயா குத்தும்போது பாடும் பாட்டைக் கைப்பேசியில் பதிந்து கொண்டுவருவதாகச் சொன்னாள். மதிய வகுப்புதான். யாரும் தூங்கவில்லை.

அச்சுக் கோத்ததுபோல எழுதுவாளே, அந்தப் பெண் உட்கார்ந்திருந்த பெஞ்சு இப்போது அந்த அறையில் இல்லை. புதுப் பெஞ்சுகள் வந்துவிட்டன. அவள் எங்கே இருக்கிறாள் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். படிப்பை முடிக்க இன்னும் வழி இருக்கிறது, தொலைநிலைக் கல்வியில் சேரலாம், கட்டணத்தைப் பார்த்துக்கொள்ளலாம் என்று தோழியிடம் சொல்லி அனுப்பியிருக்கிறேன். பதில் வரவில்லை. வராமலும் போகலாம். வேண்டாம் என்று அவள் சொன்னால், இந்த முறையாவது அதை அதன் பொருளிலேயே எடுத்துக்கொள்வேன்.